புகைப் பங்கு

அன்று ஆலடி முனி கோயில் திடலில் முள் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். ஆவுடையப்பன், அவருடைய பங்காளிகளான ஆண்டிச்சாமியும் நாகராசும், இறந்துபோன தம்பியின் மகன் கவியரசன். டீ கொண்டுவந்த தம்பி மனைவி திலகவதி திடலுக்குள் வராமல் பனைமரத்தடியில் நின்றாள். பிறகு விஷயம் பேச்சானபோது தாங்களும் அங்கே இருந்ததாகப் பலர் சொன்னார்கள். இருந்தது இந்த ஐந்து பேர்தான்.

ஆடிப் படையலுக்கு முன்னால் திடலைச் சுத்தம் செய்வது பங்காளிகளின் வேலை. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. சீமைக்கருவை ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. ஆவுடையப்பன் அறுபத்தெட்டு வயதிலும் குனிந்து வெட்ட மாட்டார். முழங்காலை ஊன்றி, முதுகு நிமிர்ந்தபடியே தூரில் அரிவாளைப் போடுவார். கவியரசன் கவைக்கம்பால் முள்ளைத் தள்ளிக் குவித்தான். முனிக்குக் கூரை கிடையாது. ஆலமரத்தடியில் ஒரு கல்லும் இரண்டு வேலும் துருவேறிய அரிவாளும்தான். கிடாயும் பிராந்தியும் சுருட்டும் படைத்த பிறகு, கடைசியாக மண் குழலில் கஞ்சா வைத்துப் பற்றவைத்து, வேலுக்கு முன்னால் நட்டுவிட்டு எல்லாரும் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். சாமி புகை குடிக்கும்போது மனுசன் பார்க்கக் கூடாது. பங்காளி வீடுகள் ஆறு. புகை கொண்டுவரும் பங்கு ஆண்டுக்கு ஒரு வீட்டுக்கு வரும். அந்த வீட்டின் தலைமகன் தன் கையால் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவர வேண்டும். அடுத்தவன் கைமாற்றித் தந்தது செல்லாது. இந்த ஆண்டு தம்பி வீட்டு முறை.

ஆண்டிச்சாமிதான் பேச்சை எடுத்தார். "இப்ப ரோட்டுக்கு ரோடு செக்கிங்கா இருக்கு. சுருட்டோட நிறுத்திக்குவோமே. சாமி என்ன கோச்சுக்கவா போகுது?"

"சாமிக்கும் வயசாயிருச்சு, டாக்டரு புகைய விடச் சொல்லிட்டாருன்னு சொல்லிருவோம்ணே" என்றார் நாகராசு.

கவியரசன் சிரித்துவிட்டான். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அரிவாளைத் தூரிலேயே கொத்தி நிறுத்தினார். "எங்கய்யா காலத்துல போலீசு இல்லாமயா இருந்துச்சு? வெள்ளக்காரன் இருந்தப்பயே கொறையாதது இப்பக் கொறையணுமாக்கும். இந்த வீட்டு மொறையில ஒண்ணு விட்டுப்போச்சுன்னு எவன் வாயிலயும் வரக் கூடாது."

திலகவதி பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அந்தக் குடும்பத்தில் பெண்கள் கணவனின் அண்ணனான மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவரிடம் சொல்ல வேண்டியதை அவர் மனைவி ராஜலட்சுமியிடமோ, சுவரிடமோதான் சொல்லியிருக்கிறாள். "நாகராசு தம்பி, அவனுக்குக் குவைத்து வேலை கூடி வந்திருக்கு. இந்த வருசம் மட்டும் வேற வீட்டுக்கு மாத்திக்கிட்டா நல்லதுன்னு சொல்லுங்க."

ஆவுடையப்பனும் பனைமரத்துக்குத்தான் பதில் சொன்னார். "மொறைன்னா மொறைதான்."

"நானே வாங்கியாறேன் பெரியப்பா" என்றான் கவியரசன்.

அவனுக்கு இருபத்தொன்பது வயது. கிளீனராக ஏறி, கனரக வாகன லைசென்ஸ் எடுத்து, தைலமரக் கட்டை ஏற்றும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். காட்டுக்குள் வெட்டிய கட்டையைப் பட்டை உரித்து அடுக்குகிற கூட்டத்தில் அவன் அம்மாவும் ஒருத்தி. உரித்து உரித்து அவள் நகக்கண்கள் பட்டைக் கறை ஏறிக் கறுத்திருந்தன. கவியரசன் பீடி குடிக்க மாட்டான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதில்லை. ராத்திரி ஓட்டத்துக்குப் பாக்கு மட்டும் போடுவான். திருச்சியில் நடந்த தேர்வில் டிரெய்லர் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டி, குவைத் கம்பெனி ஒன்றுக்குத் தேர்வாகியிருந்தான். மெடிக்கல் முடிந்துவிட்டது. போலீஸ் நன்னடத்தைச் சான்று வந்தால் விசா அடிப்பார்கள். திலகவதி அந்த வேலையை நம்பித்தான் ஓட்டு வீட்டின் பின்பக்கச் சுவரை இடித்துப் போட்டிருந்தாள். கறம்பக்குடிப் பக்கம் பெண்ணும் பேசி வைத்திருந்தார்கள். பேசியது ஆவுடையப்பனேதான்.

படையலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கவியரசன் புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் திரும்பினான். சாமிப் பொருளை இடுப்புக்குக் கீழே வைக்கக் கூடாது. மற்றவர்கள் செய்வதுபோல வேட்டி மடிப்பிலோ டேங்க் கவருக்குள்ளோ வைத்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவன் சட்டையின் மேல்பையில் வைத்து, வெளியே விழுந்துவிடக் கூடாதென்று மஞ்சள் துணியின் நுனியைப் பொத்தானோடு முடிந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றி ஹேண்டிலில் மாட்டியிருந்தான். முக்கூட்டில் போலீஸ் ஜீப் நின்றது. வெறுங்காலோடு வண்டி ஓட்டி வருகிறவனை நிறுத்தினார்கள். பையில் என்ன என்று கேட்டபோது, சாமிக்கு என்று சொன்னான். அவிழ்த்துப் பார்த்த ஏட்டு முகர்ந்துவிட்டு, எஸ்.ஐ.யிடம் கொடுத்தார். துணி ரோட்டில் விழுந்தது.

செய்தி வந்தபோது ஆவுடையப்பன் கிடாய்க்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். உடனே கிளம்பவில்லை. குளித்து, சலவை வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நாகராசுவின் வண்டியில் ஏறினார். அவருடைய அப்பாவும் சரி, தாத்தாவும் சரி, ஸ்டேஷன் படி ஏறியவர்கள் இல்லை. பஞ்சாயத்துக்கு அதிகாரிகள் வந்தால் அவர்கள்தான் இவர்கள் வீட்டுக்கு வருவார்கள்.

எஸ்.ஐ. சின்ன வயதுக்காரர். மரியாதையாகத்தான் நாற்காலி போடச் சொன்னார். கவியரசன் உள்ளே சுவரோரம் கால் மடக்கி உட்கார்ந்திருந்தான். பெரியப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கட்டிய கைலியின் மேல் சட்டை இல்லை.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது கோயில் படையலுக்கானது என்றும், பையன் தப்பான பழக்கம் எதுவும் இல்லாதவன் என்றும், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார். "பெரியவரே, சாமிக்குன்னு எழுதினா சாமியத்தான் ஏ-ஒன் அக்யூஸ்டா போடணும். சாமிக்கு ஆதார் இருக்கா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆவுடையப்பன் அசையவில்லை. எஸ்.ஐ. குரலைத் தணித்துக்கொண்டு நிலைமையை விளக்கினார். கோயிலுக்கு என்று எழுதினால் யார் வாங்கிவரச் சொன்னது, கோயில் யார் பொறுப்பில் இருக்கிறது, எத்தனை வருசமாக நடக்கிறது என்று எல்லாம் வரும். சொன்னவர்களையும் சேர்க்க வேண்டிவரும். படையல் அன்றைக்குத் திடலில் போலீஸ் நிற்கும். தனக்கு என்று பையன் சொல்லிவிட்டால் அளவு சின்னது, ஸ்டேஷன் ஜாமீனிலேயே விட்டுவிடலாம். கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும். மேலிடத்திலிருந்து மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று கேட்கிறார்கள், பிடித்ததை விட்டுவிட முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"அபராதம் கட்டுனா முடிஞ்சுருமா?" என்றார் ஆவுடையப்பன்.

"முடிஞ்சுரும்."

அவர் உள்ளே போய்க் கவியரசன் முன்னால் நின்றார். ஒரு வாலிபன் கெட்ட சகவாசத்தில் ஒரு தடவை தவறினான் என்றால் ஊர் இரண்டு நாள் பேசும். கோயில் பெயரும் குடும்பத்துப் பெயரும் போலீஸ் கேஸில் ஏறினால் அழியாது. அவருக்கு இதில் சந்தேகமே இல்லை. வீட்டைக் காப்பாற்ற வீட்டுப் பிள்ளை ஒரு சொல்லைத் தாங்கிக்கொள்வது பெரிய காரியமாக அவருக்குப் படவில்லை.

"நீ குடிக்கத்தான் வச்சிருந்தேன்னு சொல்லிரு" என்றார். "சாமி பேரு இதுல வரக் கூடாது."

கவியரசன் அவர் முகத்தைப் பார்த்தான். "அம்மாட்ட என்னன்னு சொல்ல?"

"அதெல்லாம் நான் சொல்லிக்கிறேன்."

அவன் சரி என்று தலையாட்டினான்.

மறுநாள் படையல் நடந்தது. குழல் வெறுமையாக நின்றது. பங்காளிகள் வழக்கப்படி திரும்பி நின்றார்கள். ஆவுடையப்பன் விழுந்து கும்பிட்டு, தம்பி வீட்டு முறை வழியில் தடைபட்டதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி முனியிடம் கேட்டுக்கொண்டார்.

கோர்ட்டில் வேலை சீக்கிரம் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார்கள், ஒப்புக்கொள்கிறேன் என்றான். கோர்ட் கலையும்வரை நிற்க வேண்டும் என்பது தண்டனை, கூடவே அபராதம். சாயங்காலம்வரை வராந்தாவில் நின்றுவிட்டு அம்மாவோடு பஸ் ஏறினான். வழியில் இருவரும் வடை வாங்கித் தின்றார்கள். சனியன் விட்டது என்றுதான் திலகவதியும் நினைத்தாள்.

திருச்சி ஏஜென்ட்டிடமிருந்து போன் வந்தபோது கவியரசன் லாரிக்கடியில் படுத்து அச்சுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். போலீஸ் சான்றில் தண்டனை பெற்றவர் என்று வந்திருக்கிறது, குவைத்காரன் எடுக்க மாட்டான், பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள் என்றார்கள். கவியரசன் அபராதம்தான் கட்டியது என்று சொன்னான். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாக, அதுதான் தண்டனை என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கறம்பக்குடியிலிருந்து பெண் வீட்டார், ஜாதகத்தில் ஏதோ தட்டுகிறதாம் என்று சொல்லியனுப்பினார்கள். சோதனைச் சாவடியில் இவன் பெயரைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டிக் கட்டைகளை இறக்கிப் பார்த்தார்கள். லாரி முதலாளி இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாம் தடவை சாவியை வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றால் லோடு ஏற்றுகிற ஆட்களோடு இருந்துகொள் என்றார். ஓட்டிய வண்டிக்கே கவியரசன் கட்டை தூக்கினான். புதிதாக வந்த டிரைவர் அவனிடம்தான் கியர் எங்கே இறுகுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். ஊருக்குள் ஏதாவது திருட்டு என்றாலும் முதலில் அவன் வீட்டு வாசலில்தான் போலீஸ் நின்றது.

ஆவுடையப்பன் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் புதுக்கோட்டைக்குப் போனார். கோர்ட்டுக்குப் பின்தெருவில் ஆவூர்க்காரரான டேவிட் என்ற வக்கீல் இருந்தார். தம்பி மகன் என்று சொல்லாமல், தெரிந்த பையன் ஒருவன் என்று ஆரம்பித்தார். டேவிட் பாதியிலேயே புரிந்துகொண்டார். ஆனாலும் அப்படியே கேட்டுக்கொண்டார்.

"அய்யா, நீங்க அபராதம்னா ஹெல்மெட் போடாததுக்குக் கட்டுறோமே, அது மாதிரின்னு நெனச்சிட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. போதைப்பொருள் சட்டத்துல தண்டனைன்னு விழுந்துட்டா, ஒரு பொட்டலமா இருந்தாலும் தண்டனைதான்."

"அவன் குடிக்கவே மாட்டாங்க."

"அதாங்க சிக்கல்" என்றார் டேவிட். "குடிச்சு அடிமையானவன்னா, சிகிச்சைக்குப் போறேன்னு கேக்க சட்டத்துல ஒரு சந்து வச்சிருக்கான். குடிக்காதவனுக்கு வைக்கல. சின்ன அளவுக்குக் கேசே வேணாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரலாம்னு சட்டத்தத் திருத்தப் பேசுறாங்க. பேசிக்கிட்டே இருக்காங்க. நாளைக்கே திருத்தினாலும் ஒங்க பையன எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது? அவனுக்கு என்ன சீக்கு?"

வேறு வழி இல்லையா என்று ஆவுடையப்பன் கேட்டார். டேவிட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையன் தானே ஒப்புக்கொண்டதால் அப்பீலுக்கு இடம் குறைவு. மதுரை ஹைகோர்ட்டில் ஒரு மனு போட்டுப் பார்க்கலாம். அதற்கு நடந்ததைச் சத்தியம் செய்து சொல்ல ஆள் வேண்டும். வாங்கச் சொன்னவரே வந்து, கோயிலுக்காக நான்தான் வாங்கச் சொன்னேன், தனக்கு என்று ஒத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான் என்று சொல்ல வேண்டும். அப்போதும் நிச்சயம் கிடையாது. சொன்னவர் மேல் கேஸ் வந்தாலும் வரலாம். கையில் பொருள் இல்லாததால் நிற்காமலும் போகலாம்.

"பேப்பர்ல வருமா?"

டேவிட் அவரை நிமிர்ந்து பார்த்தார். "வரலாங்க. சாமி பேரு ஊரு பேரெல்லாம் இருந்தா படத்தோட போடுவான்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஆவுடையப்பன் எழுந்தார். திரும்புகிற வழியில் வல்லத்திராக்கோட்டை தாண்டும்வரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

அவர் போய்வந்தது எப்படியோ திலகவதி காதுக்கு எட்டிவிட்டது. டேவிட்டின் குமாஸ்தா சந்தனராஜின் அக்கா பட்டை உரிக்கிற கூட்டத்தில் இருந்தாள். வக்கீல் என்ன சொன்னார் என்று திலகவதி ராஜலட்சுமி வழியாக இரண்டு தடவை கேட்டு அனுப்பினாள். பதில் வரவில்லை. மூன்றாம் தடவை ராஜலட்சுமியே, "என்னய ஏம்மா நடுவுல போட்டு அரைக்கிறீங்க, நீயே போயிக் கேளு" என்றுவிட்டாள்.

ஆவுடையப்பன் கடலைக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். திலகவதி வேலைக் காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். மேலே போட்ட ஆண் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. உடம்பெல்லாம் தைல வாடை. வரப்பில் நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அவர் முகத்தைப் பார்த்தாள். ஆவுடையப்பன் யாரைப் பார்த்து நிற்கிறாள் என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களத்தான்" என்றாள். "வாங்கச் சொன்னது நீங்க. ஒத்துக்கச் சொன்னதும் நீங்க. அவன் ரெண்டுக்கும் மறுவார்த்தை பேசல. இப்ப ஒரு தடவ நீங்க ஒத்துக்கிட்டா என்ன?"

அவர் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூத்தாரிடம் இப்படிப் பேசுகிறாளே என்பதுதான் முதலில் அவருக்கு உறைத்தது. சொன்னதற்குப் பதில் பிறகுதான் வந்தது. "அவன் கேசு ரெண்டு வருசத்துல ஊருக்கு மறந்துரும். கோயிலு கேசு மறக்காது. நாளைக்கு நம்ம புள்ளைகளுக்குப் பொண்ணு குடுக்க வர்றவன், கஞ்சாக் கோயில் குடும்பம்னு சொல்லுவான்."

"மறக்க வேண்டியது ஊரா? பாஸ்போர்ட் ஆபீசா?"

"பொம்பள பேசுற பேச்சா இது?"

"பேச ஆம்பள இல்ல. அவரு இருந்திருந்தா அவரு வந்து கேட்டிருப்பாரு. ஒங்க தம்பி."

தண்ணீர் பாத்தியை நிறைத்து வரப்பை அறுத்துக்கொண்டு ஓடியது. ஆவுடையப்பன் குனிந்தார். குனிந்து மண்ணை வெட்டி மடையை அடைத்துவிட்டு அடுத்த பாத்தியைத் திறந்தார். அதற்கடுத்த பாத்தியையும் திறந்தார். திலகவதி கால் நனைய நின்று பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்த்தும் அவரிடம் எதுவும் சொல்லியனுப்பவில்லை. டேவிட்டின் அலுவலகத்துக்கு அவரும் மறுபடி போகவில்லை.

அடுத்த ஆடி வந்தது. முள் வெட்டத் திலகவதி வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. புகைப் பங்கு ஆண்டிச்சாமி வீட்டுக்கு. சுருட்டோடு நிறுத்தலாம் என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. போன ஆண்டு குழல் வெறுமையாக நின்றதில் ஆவுடையப்பனுக்கு இருந்த வருத்தம் அவருக்குத் தெரியும். மஞ்சள் துணி முடிச்சு திடலுக்கு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது, யார் மடியில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் அதிகம் என்பதால் போலீஸ் பந்தோபஸ்து இருந்தது. அதே எஸ்.ஐ. வந்தார். ஷூவைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு திடலுக்குள் நடந்து வந்தார். பெரிய மனிதர்களுக்குச் செய்கிற முறைப்படி ஆவுடையப்பன் தன் கையால் அவருக்குத் துண்டு போர்த்தி, திருநீறு கொடுத்தார். எஸ்.ஐ. குனிந்து வாங்கிக்கொண்டார். கிடாய் வெட்டியாயிற்று, சுருட்டு வைத்தாயிற்று. ஆண்டிச்சாமி குழலைப் பற்றவைத்து வேலுக்கு முன்னால் நட்டார். எல்லாரும் திரும்பி நின்றார்கள். எஸ்.ஐ.யும் திரும்பி நின்று, கண்ணை மூடிக் கைகூப்பினார். காற்று அன்றைக்குக் கிழக்கே அடித்தது. புகை நேராக அவர்கள் முதுகைத் தொட்டுக்கொண்டு முன்னால் வந்து பரவியது.

நாகராசு வாயைப் பொத்திக்கொண்டு, "சாருக்குச் சளி போலருக்கு" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

கறி பங்கு வைக்கும்போது எஸ்.ஐ.க்குத் தொடைக்கறி தனி இலையில் கட்டிக் கொடுத்தார்கள். கறம்பக்குடியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், போன ஆண்டு பெண் பேசிப் பின்வாங்கிய வீட்டுக்கு வேண்டியவர், ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்பி மகனைக் காணோமே என்று இரண்டு பக்கமும் பார்த்தார். குவைத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், பெரியவர் ஆள் பிடித்துச் சரிக்கட்டிவிட்டாராமே, எங்களுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்றார்.

ஆவுடையப்பன் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "ஆமா" என்றார்.

அந்தப் பேச்சு அதற்கு மேல் வளர்ந்து, கறம்பக்குடிப் பக்கமெல்லாம் இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. கவியரசன் குவைத்துக்குப் போகவில்லை. படையல் அன்றைக்கு விடிவதற்கு முன்பே போலீஸ் வந்து அவனைக் கூட்டிப் போயிருந்தார்கள். திருவிழா நாட்களில் பழைய கஞ்சா கேஸ்காரர்களை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவது வழக்கம். எஸ்.ஐ. தொடைக்கறியோடு திரும்பிப் போகும்வரை அவன் அங்கேதான் இருந்தான்.